எட்டு வீடு புகுந்த ஒரு மீன்

உலகத்தில் உண்மை இன்னும் சாகாமல் இருக்கிறதென்றால், அதற்கு ரண்டர்ஸ் தமிழ்த் தூண்டிற்காரர் கழகத்தின் செயலாளனாகிய நானே காரணம். தற்பெருமையாகச் சொல்லவில்லை, பொறுப்புணர்வோடு சொல்கிறேன்.

டென்மார்க்கில் எங்கள் ஊர் ஆற்றின் ஒரு துண்டில் நாங்களும் டெனிஷ் சங்கமொன்றும் 'சகோதர பாவத்துடன்' மீன் பிடிக்கிறோம். வருடத்துக்குப் பத்து லக்ஸ், அதாவது சால்மன் மீன்தான் பிடிக்கலாம்; எங்களுக்கு ஐந்து, அவர்களுக்கு ஐந்து. பிடித்ததை அறிக்கையிட வேண்டும். கணக்குக் கூடினால் பிடித்தவரின் அனுமதி அட்டை போய்விடும். டெனிஷ் சங்கத் தலைவர் பிறேபன் வருடாவருடம் சரியாக ஐந்து என்று எழுதுவார். அவர் தோட்டத்தில் மீன் புகைக்கும் பெட்டி மட்டும் ஓகஸ்ட் முழுவதும் புகைந்தபடியே இருக்கும். ஐந்து மீனை இவ்வளவு நிதானமாகப் புகைக்கும் பொறுமையை வியக்காமல் இருக்க முடியவில்லை.

எங்கள் பக்கத் துல்லியத்துக்காக நானே ஒரு படிவம் தயாரித்தேன். இரண்டே கேள்விகள். உங்கள் வீட்டுக்குள் வந்த மீன் எத்தனை? பிடித்தவர் யார்? அரை, கால் என்று எழுதிக் குழப்ப இடம் வைக்கவில்லை.

ஜூன் மாதம் அந்தோனிதாசனின் தூண்டிலில் பன்னிரண்டு கிலோ லக்ஸ் ஒன்று மாட்டியது. மன்னார்க்காரர். கிழமை முழுவதும் முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கி இறக்கும் வேலை. ஞாயிறு பூசை முடிந்தால் ஆற்றங்கரை. அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற ஆறு நாளும் ஓடுகிறது என்பார். வழக்கப்படி மீனைப் பங்கு போட்டு எட்டு வீட்டுக்குக் கொடுத்தார். எட்டு வீட்டாரும் நேர்மையானவர்கள். எட்டுப் படிவத்திலும் 'ஒன்று'. அந்த எட்டில் தலைப்பங்கு எனக்கு வந்தது. மனச்சாட்சிக்கு அஞ்சி நானும் 'ஒன்று' என்றே எழுதினேன்.

இரு சங்கங்களும் கூடிய கூட்டத்தில் அறிக்கையை வாசித்தேன்: எட்டு மீன், மூன்று அதிகம், பிடித்தவர் அந்தோனிதாசன். இயற்கை இதைத் தாங்காது என்று பிறேபன் வருந்தினார். அவருடைய சட்டையில் புகை மணம் வீசியது.

"அண்ணை, அது ஒரு மீன்தானே. தலையை உங்களுக்குத்தானே தந்தனான்" என்றார் அந்தோனிதாசன்.

"ஓம் தாசன். அதைத்தான் நானும் எழுதியிருக்கிறன்."

"அப்ப மற்ற ஏழு தலையும் எங்க?"

"படிவத்தில தலையைப் பற்றிக் கேள்வி இல்லை."

அந்தோனிதாசன் தன் அனுமதி அட்டையை மேசையில் வைத்தார். எனக்கே பாவமாக இருந்தது. வீட்டுக்கு அழைத்துப் போய்த் தேநீர் கொடுத்தேன். மனம் நொந்த மனிதனை வெறுங்கையோடு அனுப்பக்கூடாதென்று என் மனைவி சரோஜினிதேவி, என்னைக் கேளாமலே, கராஜுக்கு அழைத்துப் போய்க் குளிர்ப்பெட்டியைத் திறந்துவிட்டார்.

அந்தோனிதாசன் நிதானமாக எண்ணினார்.

"ஒன்பது லக்ஸ், அண்ணை. எல்லாத்துக்கும் தலை இருக்கு."

"கராஜ் வீட்டுக்குள்ள இல்லை, தாசன். கேள்வியைத் திருப்பி வாசியும்."

அவர் மீனை எடுக்கவில்லை. மூடியை மெதுவாகச் சாத்தினார்.

"அப்ப நான் செய்த பிழை மீன் பிடிச்சதில்லை, அண்ணை. பங்கு குடுத்தது."

எங்கள் கழகத்தில் இதுவரை கிடைத்த அறிக்கைகளில் முழு உண்மையானது அது ஒன்றுதான். அதைப் பதிவதற்குப் படிவத்தில் இடமில்லை.