டிக்கி நிறைய நியாயம்

சனிக்கிழமை காலை. எதிர்வீட்டு லோர்னா ப்ரூயிட் தன் வேனின் டிக்கியைத் திறந்து டிஷ்யூப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருக்கிறாள். அவள் கணவன் டேல் முன்புறத்தில் மேப்பிள் சருகுகளை வாரிக்கொண்டிருக்கிறான். அவனை உதவிக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் எண்ணிக்கை தப்பிவிடும். பன்னிரண்டு பெட்டி கொண்ட கட்டு ஒன்று. இரண்டு. மூன்று. ப்ரூயிட் வீட்டில் மொத்தம் மூன்று மூக்குகள். ஒன்றுக்கும் சளி இல்லை.

'பாவம், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது' என்று நினைத்தீர்களா? அப்படியானால் உங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இல்லை. எங்கள் ஒஹாயோவில் ஏழாம் வகுப்புப் பிள்ளை வைத்திருக்கிற யாரும் அந்த டிக்கியை ஒருமுறை எட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்: அது சளி இல்லை, கணக்குப் பாடம்.

இன்று நான் உங்களுக்கு அறிமுகப்படுத்தப்போகும் ஜீவராசி இதுதான். பெயர், நியாயவாதிப் பெற்றோர். பெற்றோர் கூட்டத்தின் முதல் வரிசையிலும், மொத்தவிலைக் கடையில் காகிதச் சாமான் அடுக்கியிருக்கும் சந்திலும் அதிகமாகத் தென்படும். அடுத்த வீட்டார் சுட்டுக் கொண்டுவந்த குக்கியை விரும்பிச் சாப்பிடும். "எனக்காகச் சொல்லல" என்று ஒரு சத்தம் எழுப்பும். அந்தச் சத்தம் கேட்டால் அதன் வண்டி எங்கே நிற்கிறது என்று பாருங்கள், டிக்கி தாழ்ந்திருக்கும்.

இதன் வாழ்க்கை முறை புரிய வேண்டுமானால் மிஸ் வான்ஸைத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகளின் கணக்கு டீச்சர். அவருக்குப் பள்ளி நிர்வாகம் கொடுத்தது முப்பத்தொரு பிள்ளைகளும் ஒரு சுவர்க் கடிகாரமும், கடிகாரம் ஓடாது. டிஷ்யூ, பலகைப் பேனா, பென்சில் எல்லாவற்றையும் பல வருஷம் தன் கைக்காசில் வாங்கிப் போட்டார். இந்த வருஷம் கை ஓய்ந்துபோய் ஓர் அறிவிப்பு ஒட்டினார். வகுப்புக்கு ஒரு டிஷ்யூப் பெட்டி கொண்டுவந்தால் கூடுதலாக ஒரு மதிப்பெண். காலாண்டுக்கு மூன்று பெட்டிக்கு மேல் கணக்கில் இல்லை.

ஆகஸ்டில் பள்ளி திறந்ததும் நடந்த பெற்றோர் கூட்டத்தில் லோர்னா எழுந்து நின்றாள்.

"ஒரு நிமிஷம். எனக்காகச் சொல்லல. படிச்சு வாங்க வேண்டிய மார்க்கைக் கடையில வாங்கலாம்னா, வாங்க முடியாத வீட்டுப் புள்ளைங்க என்ன பண்ணும்? புள்ளைய அனுப்பறது பள்ளிக்கூடத்துக்கா, சந்தைக்கா?"

என்ன கைதட்டல்! நானும் தட்டினேன். முதியோர் இல்லத்தில் இரண்டு ஷிஃப்ட் வேலை பார்த்துவிட்டு நேரே வந்திருந்த ரீனி டாப்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சட்டைக் கையால்தான். அந்த அறையில் டிஷ்யூ இல்லை.

மிஸ் வான்ஸ் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்க சொல்றது ரொம்பச் சரிங்க. ஆனா ஜனவரியில ஒருநாள் என் கிளாஸுக்கு வந்து உக்காருங்க. முப்பத்தொரு மூக்கு. அதெல்லாம் ரொம்ப நியாயமா ஒழுகும், பணக்காரன் ஏழைன்னு பாக்காம."

ஆனாலும் அவர் மனசாட்சி உள்ள பெண். ஒரு வாரம் யோசித்துக் காசில்லாத வீட்டுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். வகுப்பு நேரத்தில் கழிப்பறைக்குப் போகப் பிள்ளைகளுக்குக் காலாண்டுக்கு மூன்று சீட்டு உண்டல்லவா? மஞ்சள் அட்டையில், ஆசிரியர் கையெழுத்துடன். அதைப் பயன்படுத்தாமல் திருப்பிக் கொடுத்தால் சீட்டுக்கு ஒரு மதிப்பெண். டிஷ்யூ வாங்கக் காசு வேண்டும். அடக்கிக்கொள்ளக் காசு வேண்டுமா? இதைவிடச் சமத்துவம் எங்கே கிடைக்கும்? ஊரே மெச்சியது. லோர்னா பாராட்டுக் கடிதமே எழுதினாள்.

அக்டோபர் வந்தது. லோர்னாவின் மகள் டெஸ்ஸாவுக்குக் கணக்கில் எண்பத்து நான்கு.

எண்பத்து நான்குக்கு என்ன குறைச்சல் என்பீர்கள். அடுத்த வருஷம் உயர்கணித வகுப்பில் சேரத் தொண்ணூறு வேண்டும். எண்பத்தொன்பதே முக்காலைத் தொண்ணூறாக்கும் வழக்கம் மிஸ் வான்ஸிடம் கிடையாது. உயர்கணித வகுப்பிலிருந்து பொறியியல் கல்லூரிக்கும், அங்கிருந்து நல்ல வேலைக்கும், அதிலிருந்து மூன்று கழிப்பறை உள்ள வீட்டுக்கும் லோர்னாவின் மனத்தில் நேர்ப் பாதை ஒன்று போடப்பட்டிருந்தது. அதில் ஆறு மதிப்பெண் அகலத்துக்கு ஒரு பள்ளம். டெஸ்ஸாவுக்கும் அந்த வகுப்பு ஆசைதான். எதிலும் அடம்பிடிக்காத பெண், சாப்பாட்டு மேசையிலேயே சமன்பாடு போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆக, அந்தச் சனிக்கிழமை. நான் தெருவைக் கடந்துபோய்க் கேட்டேன்.

"ஏன் லோர்னா, ஆகஸ்ட்ல சந்தைன்னு சொன்னியே?"

"கொள்கை வேற, பெக்கி. கொள்கையில நான் இன்னிக்கும் எதிர்ப்புதான். ஆனா ஊரே குடுக்கறப்ப எம்பொண்ணு மட்டும் கையை வீசிட்டுப் போனா, அது அவளுக்கு நியாயமா?"

"மூணு பெட்டிக்குத்தானே மார்க்கு? முப்பத்தாறு எதுக்கு?"

"மத்த டீச்சருங்களும் ஆரம்பிச்சிட்டாங்கடி. ஆறு பேரு. நாலு காலாண்டு."

"அப்படிப் பாத்தா எழுபத்திரண்டு வருதே?"

அவள் முகம் வெளுத்துப்போனது. "டேல்! சருகை விடு! வண்டியை எடு!"

இதுதான் இந்த இனத்தின் முதல் குணம். அநியாயம் என்று தெரிந்த காரியத்தை அரைகுறையாகச் செய்யாது.

சடங்குகளும் உண்டு. பெட்டியைப் பிள்ளையிடம் கொடுத்துப் பேருந்தில் அனுப்பமாட்டார்கள். வழியில் யாராவது தும்மினால் திறந்துவிடுவார்களே! தாங்களே கொண்டுபோய், பிள்ளையின் பெயரைத் தடித்த மையால் ஆறு பக்கமும் எழுதி, அறையில் மற்ற பெற்றோர் இருக்கும் நேரமாகப் பார்த்து, மேசைமேல் சத்தம் வர வைப்பார்கள். லோஷன் தடவிய தாள் என்றால் ஒன்றரை மதிப்பெண் கிடைக்குமா என்று ஒரு தாய் கேட்டாள். பாதி தீர்ந்த பெட்டியைக் கொண்டுவந்து அரை மதிப்பெண் போதும் என்றார் ஒரு தகப்பன். எவ்வளவு பெருந்தன்மை!

சரி, கொடுத்தாயிற்று, இதோடு விட்டார்களா? கழிப்பறைச் சீட்டு காசில்லாதவர்களுக்காக வந்த வழி என்று சொன்னேனே. அதைப் பற்றியும் லோர்னாவிடம் நியாயம் இருந்தது.

"வசதியிருக்குன்னு எம்பொண்ணை அந்த வழியில விடக் கூடாதுன்னா, அதுவும் பாகுபாடுதானே பெக்கி? எனக்காகச் சொல்லல."

அன்று முதல் ப்ரூயிட் வீட்டுக் காலையுணவிலிருந்து ஆரஞ்சுச் சாறு மறைந்தது. பிறகு பால் மறைந்தது. தர்பூசணியின் பெயரைக்கூட யாரும் உச்சரிப்பதில்லை. டேல் காபி குடிப்பதென்றால் வாகனக் கொட்டகைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குடிக்க வேண்டும். சத்தம் கேட்டால் பெண்ணுக்குத் தாகம் எடுக்குமாம். கணக்கோ நாளின் கடைசி வகுப்பு. இரண்டு வகுப்புக்கு நடுவில் கிடைப்பது நான்கு நிமிஷம்; பெண்கள் கழிப்பறை வாசலில் வரிசை அதற்குமேல். ஆகவே மாலை மூன்று இருபதுக்கு மஞ்சள் பேருந்து தெருமுனையில் நின்றதும் நாங்கள் பார்த்த காட்சியை என்னவென்று சொல்வேன்! முதலில் பை விழும். பிறகு மேலங்கி. டேல் வாசற்கதவை முன்கூட்டியே விரியத் திறந்து வைத்துக்கொண்டு, ஓட்டப்பந்தய நடுவரைப்போல ஒதுங்கி நிற்பான். டெஸ்ஸா எங்களைத் தாண்டிப் பறப்பாள். அவளுக்குப் பின்னாலேயே மேப்பிள் சருகுகள் எழுந்து ஓடும். பள்ளியின் ஓட்டப் பயிற்சியாளர் மட்டும் எங்கள் தெருவில் குடியிருந்திருந்தால் அந்தப் பெண்ணின் எதிர்காலம் வேறு பாதையில் போயிருக்கும்.

ரீனியின் மகள் ஜோஸி என்ன செய்தாள் தெரியுமா? ஒரு பெட்டியும் கொடுக்கவில்லை. மூன்று சீட்டையும் முதல் மூன்று வாரத்திலேயே நிம்மதியாகச் செலவழித்தாள். தொண்ணூற்றொன்று.

காலாண்டு முடிந்து ஒரு வியாழக்கிழமை மாலை பெற்றோர் சந்திப்பு. பிள்ளையும் கூடவே உட்கார வேண்டும். மிஸ் வான்ஸின் அறையில் டிஷ்யூப் பெட்டிகள் ஜன்னலை மறைத்துக்கொண்டு கூரைவரை நின்றன. லோர்னாவும் டெஸ்ஸாவும் அந்தச் சுவருக்குக் கீழே சின்ன நாற்காலிகளில். டெஸ்ஸா காலைக் காலோடு பின்னிக்கொண்டிருந்தாள். பேருந்தில் போகாமல் பள்ளியிலேயே காத்திருந்திருக்கிறாள், மணி நாலரை.

மிஸ் வான்ஸ் ஏட்டைப் பிரித்தார். "பரீட்சையில எண்பத்து நாலு. பெட்டிக்கு மூணு. சீட்டு?"

லோர்னா மகளின் பையிலிருந்து மூன்று மஞ்சள் அட்டைகளை எடுத்து மேசையில் விசிறியாகப் பரப்பினாள். "மூணு. கசங்கக்கூட இல்ல, பாருங்க. தொண்ணூறு!"

"ஆமா, சரியா தொண்ணூறு," என்றார் மிஸ் வான்ஸ். சந்தோஷமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. "டெஸ்ஸா, நீ என்னம்மா நினைக்கறே?"

"உயர்கணிதத்துல என்ன மிஸ் சொல்லிக் குடுப்பாங்க?"

"இங்கே நாம ஒரு மாசம் போடற கணக்கை அங்கே ஒரு வாரத்துல போடுவாங்க."

"எண்பத்து நாலுக்கு அது முடியுமா?"

"அதென்ன எண்பத்து நாலு?" என்றாள் லோர்னா. "தொண்ணூறுடி. இப்பத்தானே சொன்னாங்க!"

இதையெல்லாம் நான் எப்படிக் கேட்டேன் என்கிறீர்களா? கதவு திறந்திருந்தது. வாசலில் போட்டிருந்த நாற்காலியில், எங்கள் முறைக்காக, என் மகள் மார்னியோடு நான்தான் உட்கார்ந்திருந்தேன். மார்னிக்கு எண்பத்தேழு. என் மடியில் மூன்று பெட்டிகள், லோஷன் தடவியது, ஆறு பக்கமும் பெயர். கொள்கையில் நான் எதிர்ப்புதான். சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் முதலில் எழுந்துபோய் உங்கள் டிக்கியை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு வந்து சிரியுங்கள். டிஷ்யூதான் இருக்க வேண்டும் என்பதில்லை.

உள்ளே டெஸ்ஸா எழுந்து நின்றாள். மேசையிலிருந்த மூன்று அட்டைகளில் ஒன்றை எடுத்து, மிஸ் வான்ஸ் பக்கம் நீட்டினாள்.

"மிஸ், நான் பாத்ரூம் போகணும்."

"இப்ப சீட்டு வேணாம்மா. கிளாஸ் முடிஞ்சுபோச்சு. சும்மா போயிட்டு வா."

"இல்ல மிஸ். ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான். எங்கம்மா சொல்லுவாங்க." அட்டையை இரண்டாகக் கிழித்து மேசைமேல் வைத்தாள்.

"டெஸ்ஸா!" லோர்னாவின் நாற்காலி பின்னால் சரிந்தது. "அது ஒரு மார்க்குடி! சும்மாதானே போகச் சொல்றாங்க! இல்லேன்னா வீட்டுக்குப் போய்ப் போயேன்! எட்டே நிமிஷம்! அப்பா கதவைத் திறந்து வெச்சிருப்பார்டி! உனக்கு என்னதான் வேணும்? சொல்லித்தொலையேன்!"

டெஸ்ஸா வாசலைத் தாண்டினாள். என் மடியில் இருந்ததை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, ஓடாமல், வேகமாகக்கூட இல்லாமல், அந்த நீளமான நடைகூடத்தில் நடந்து போனாள்.