புது இஞ்சின் பூட்டிய படகு

கூச்சக்காரனுக்குக் ஒளிந்துகொள்ளக் கைத்தொலைபேசியைப் போல ஒரு இடம் கிடையாது. தலையைக் குனிந்துகொண்டால் போதும், 'பாவம், ஏதோ அலுவல்' என்று சனம் விட்டுவிடும். அப்படி ஒளிந்திருந்தபடியே என் தங்கையின் கலியாணத்தை நான் கடலில் கரைக்கப் பார்த்தேன்.

பத்து வருடம் இருக்கும். நெடுந்தீவு வீட்டில் தங்கை வசந்தியும் நானும்தான். அவளுக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள், 'கடல் தாண்டி வர ஏலாது' என்ற சொல்லோடு நின்றுபோயின. மூன்றாவதாகக் கிளிநொச்சிக்காரர் பெண் பார்க்க வர ஒத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் தாய் தகப்பனைக் குறிகட்டுவான் இறங்குதுறையில் சந்தித்துப் படகேற்றிக் கூட்டி வருவது என் பொறுப்பு. (வேறு ஆள் இருந்திருந்தால் வசந்தி என்னை அனுப்பியிருக்க மாட்டாள்.)

சந்தித்தேன். "வாங்கோ" என்றேன். கைவசம் இருந்த பேச்சு அதோடு முடிந்தது. தொலைபேசியை எடுத்தேன்.

அதில் ஒரு விளையாட்டு. களி உருண்டை ஒன்று தன்பாட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். எதிரே ஓட்டையுள்ள சுவர்கள் வரும். ஓட்டை ஒடுக்கமென்றால் விரலால் இழுத்து உருண்டையை நெட்டையாக்க வேண்டும். உயரம் குறைவென்றால் தோசைபோல் தட்டையாக்க வேண்டும். முட்டினால்தான் முடிவு. வழமையாகப் பத்தாவது சுவரில் முட்டுவேன். அன்றைக்கென்று முட்டவே இல்லை!

சனம் அசைந்தது. முன்னால் போன கால்களைப் பார்த்து நான் நடந்தேன். என்னைப் பார்த்து அவர்கள் நடந்தார்கள். படகின் உள்ளே இறங்கி இருந்தோம். கால்மணித்தியாலத்தில் படகு கரை தட்டியது.

"தம்பி, ஒண்டரை மணித்தியாலம் எடுக்கும் எண்டல்லோ சொன்னவை?" என்றார் தாயார்.

"புது இஞ்சின், அம்மா" என்றேன், தலை நிமிராமலே.

"ஓமோம், இரைச்சலும் குறைவுதான்" என்றார் தகப்பனார்.

வெளியே ஏறினோம். கண்ணுக்கு முன்னால் பென்னம்பெரிய கோபுரம். நயினாதீவு! குறிகட்டுவானிலிருந்து இரண்டு தீவுக்கும் படகு உண்டு; நான் இவர்களை மாறி ஏற்றிவிட்டேன். நெடுந்தீவுப் படகு அதற்குள் அங்கிருந்து புறப்பட்டிருந்தது, அடுத்தது பின்னேரம்தான். அதில் போனால் இவர்கள் அன்று ஊர் திரும்ப முடியாது.

"உங்கட வீடு கோயிலுக்குக் கிட்டவோ?" என்றார் தகப்பனார்.

"இல்லை ஐயா. அடுத்த தீவில."

அந்த நேரம் பார்த்து வசந்தி அழைத்தாள். "அண்ணை, எவ்விடம் வந்திட்டியள்? தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்கட்டோ?"

சொன்னேன். "பொம்பிளை பாக்கக் கூட்டி வரச் சொன்னால், கோயில் பாக்கக் கூட்டிக்கொண்டு போறியளோ!" என்றாள். குரல் உடைந்திருந்தது. அதோடு தொலைபேசியும் சார்ஜ் இல்லாமல் அணைந்தது.

தாயார் என்னை நேராகப் பார்த்தார். "தம்பி, உள்ளதைச் சொல்லும். பொம்பிளையைக் காட்ட விருப்பமில்லாமத்தான் இப்பிடிச் சுத்துறீரோ?"

ஒளிய இடமில்லை. அன்றைக்குப் பேசியதுபோல் நான் முன்பும் பேசியதில்லை, பின்பும் பேசியதில்லை. களி உருண்டையில் தொடங்கினேன். வசந்தி விடிய மாடு கறந்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடியது, காய்ச்சலில் கிடந்த என்னைத் தனியாகப் படகேற்றி யாழ்ப்பாணம் கொண்டுபோனது, எல்லாம் சொன்னேன். அன்னதான மடத்தில் சோறு ஆறும்வரை சொன்னேன். தாயார் இலையில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். திரும்பிக் குறிகட்டுவானில் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். 'சரி, இதுவும் முடிஞ்சுது' என்று வீட்டுக்கு வந்தேன். வசந்தி செய்து வைத்த பயித்தம் பணியாரத்தை ஒரு கிழமை நான்தான் தின்றேன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

பிறகு மாப்பிள்ளையின் தாயாரிடமிருந்து வசந்திக்கு அழைப்பு. "திரும்பி வாறம். ஆனால் தமையனை அனுப்ப வேண்டாம்."

வசந்தி சேலை உடுத்தாள், தானே படகேறிப் போய் இறங்குதுறையில் நின்றாள். எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் அப்படிப் போனதில்லை.

"பிள்ளை, இது சரியான படகுதானே?" என்று கேட்டாராம் தாயார்.

"ஓம் மாமி. பழைய இஞ்சின்தான், ஒண்டரை மணித்தியாலம் எடுக்கும்" என்றாளாம் இவள்.

தாயார் சிரித்த சிரிப்பில் படகே திரும்பிப் பார்த்ததாம். வீடு வந்து சேர முன்னமே, நடுக்கடலில் கலியாணம் பேசி முற்றாகிவிட்டது.

வசந்தி இப்போது கிளிநொச்சியில். நெடுந்தீவு வீட்டில் நான் மட்டும்தான். ஞாயிறு தோறும் அவள் புருசன் என்னோடு பேசுவார். சுகம் கேட்கமாட்டார். முதல் கேள்வி எப்போதும் இதுதான்:

"மச்சான், இண்டைக்கு எந்தத் தீவில நிக்கிறீர்?"