கரெக்‌ஷன் சார் பிடுங்கிய டப்பா

கரெக்‌ஷன் சாரைப் போல ஒரு தொல்லையை ஹைதராபாத் கண்டதில்லை. இனி காணவும் வேண்டாம். பட்டான்செருவில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த மருந்துக் கம்பெனியில் அவர்தான் ஆபீஸ் சூப்பரின்டெண்ட். எந்த ரிப்போர்ட்டும் அவருடைய சிவப்புப் பேனாவைத் தாண்டித்தான் ஹெட் ஆபீஸ் போகும். ஒரு பிரிவுபசார விழாவில், வாசித்துக்கொண்டிருந்த வாழ்த்து மடலைப் பாதியில் பிடுங்கித் திருத்தி, மறுபடி முதலிலிருந்து வாசிக்க வைத்தார். ரிட்டயர் ஆனவர் பாவம், கழுத்து மாலையோடு இன்னொரு தரம் எழுந்து நின்றார்.

எனக்கு அப்போது புரொபேஷனில் கடைசி வாரம். என் ஷிப்ட்டில் ஒரு பம்ப், தண்ணீர் வராமலே ஓடிக் கருகிப் போனது. கோயம்புத்தூர்க்கார மேனேஜர், நான்தான் வால்வைத் திறக்க மறந்தேன் என்று முடிவு கட்டி, பம்ப்புக்குத் தண்ணீர் 'டிப்ரைவ்' செய்யப்பட்டது என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டார். அது ஹெட் ஆபீஸ் போனால் என் வேலை காலி. திறந்தேன் திறந்தேன் என்று சத்தியம் செய்தேன். யார் கேட்டார்கள்?

கரெக்‌ஷன் சார் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுப் பேனாவை மூடினார். "நக்கோ சார், நக்கோ, இப்படி வேணாம். இது டிப்ரைவா, ஸ்டார்வா?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்க. தண்ணி இல்லீங்க, அவ்வளவுதான்," என்றார் மேனேஜர்.

மதியம் மணி ஒன்று. மேனேஜர் முன்னால் சாப்பாட்டு டப்பா. கரெக்‌ஷன் சார் லபக்கென்று அதைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, என்னங்க இது! பசிக்குதுங்க!"

"வீட்டுலேர்ந்து டப்பாவே வரலைன்னா நீங்க ஸ்டார்வ் ஆகுறீங்க. வந்த டப்பாவை நான் பிடுங்கிட்டா அது டிப்ரைவ். அதுக்குப் பிடுங்கின ஆள் வேணும். இங்கே நான் இருக்கேன். பம்ப்கிட்ட யாரு? நீங்க பார்த்தீங்களா?"

"நான் எங்கீங்க பார்த்தேன்..."

"அப்ப வாங்க, பார்த்துட்டு வந்து எழுதலாம். அதுவரைக்கும் டப்பா என்கிட்டதான்."

கோணல் ஹெல்மெட்டும் கக்கத்தில் டப்பாவுமாக அவர் முன்னே போக, மேனேஜர் பின்னாலேயே ஓடினார். நானும் கூடவே ஓடினேன். வால்வு முழுசாகத் திறந்துதான் இருந்தது. ஃபிட்டர், பம்ப்புக்கு முன்னால் இருக்கும் சல்லடையைக் கழற்றினார். தொட்டிப் பாசி மொத்தமும் அதில் அடைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் வர வழியே இல்லை.

"ஹவ், ஆமா! ஸ்டார்வ்!" என்று கரெக்‌ஷன் சார் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார்.

"அவசரப்பட்டுட்டேன் தம்பி, மனசுல வெச்சுக்காதீங்க," என்று மேனேஜர் என் தோளைத் தட்டினார். கண் மட்டும் டப்பாமேல். அப்பாடா! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதே விட்டேன்.

அடுத்த வாரம் வேலை நிரந்தரமானது. கரெக்‌ஷன் சார் இப்போது ரிட்டயர் ஆகி லாலாகுடா பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். நான் வாட்ஸ்அப்பில் என்ன அனுப்பினாலும் அரை மணியில் திருத்தம் வந்துவிடும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் திருத்தம் வராத நாளில் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. போன் போட்டு அவர் குரலைக் கேட்ட பிறகுதான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன்.