பெரியகல்லாற்றுக் கதிரையேறு படலம்

வாழி அருமைநாயகம். அரசும் தலைமையும் வேண்டாவென்னும், மூவரே உறுப்பினரான அரசிலிக் கழகத்தின் மூலபலம், தலைவரென்று எவரையும் ஏற்காத தனிச்சிங்கம், தபாற்காரர் மணியடித்தாலும் அதிகாரத்தின் ஆரவாரமென்று கதவடைக்கும் கொள்கைக் குன்றம், பெரியகல்லாறு பெற்றெடுத்த அப்பெருந்தகை வாழி.

போர் நடந்த தொண்ணூறுகளில், வெகுசனத்துள் இறங்கவேண்டுமென்று அக்கழகம் ஒரு மாரி முழுக்க வாதாடியது. தலைவர் உள்ள சங்கத்தில் சேர்வது துரோகமா தந்திரமா என்ற வினாவில் மூவரும் மூன்று அணியாகப் பிளந்தனர். நம் வீரனோ தன்னந்தனிப் படையாய் வாவி மீனவர் சங்கத்தில் அங்கத்தவனானான். சங்கத்து வழக்கம் யாதென்று ஒருவரிடமும் கேட்டானில்லை. கற்பிக்கப் போகிறவன் கேட்பதாவது!

வழக்கம் இதுதான்: பொதுக்கூட்டத்தில் கைப்பிடி வைத்த தேக்கங்கதிரையில் யார் ஏறுகிறாரோ, அவருக்குச் சபை கைதட்டினால் அவரே அவ்வருடத் தலைவர். தலைவரானவர் காலையில் இராணுவ முகாமுக்குப் போய்க் கையெழுத்து வைக்கவேண்டும். பொழுதுபட்டால் காட்டுப் பக்கத்து இயக்கத்தார் கூப்பிட்டு, காலையில் என்ன சொன்னாய் என்பார்கள். முகாமுக்குத் தலைவர் பெயர் கொடாவிட்டால் தோணி இறக்கத் தடை.

ஆகவே அன்று மூண்டது, மன்னர் அரியணைக்குப் பொருததினும் கொடிய, அரியணையினின்று தப்பும் மாபெரும் சமர். வேலேந்திய வீரர்போல் துடுப்பேந்தி வந்தோர் சுவரோடு சுவராய் ஒட்டினர். ஒருவர் முதுகில் ஒருவர் ஒளிந்தனர். இருபக்கமும் பதில்சொல்லிப் பாதியான பழைய தலைவர் கோணாமலையோ, செருப்பைக் கழற்றாமலே வாசற்படியில் குந்தியிருந்தார். வெறுங்கதிரை நடுவே வீற்றிருந்தது.

இக்காட்சி கண்ட அருமைநாயகத்தின் நெஞ்சு பூரித்தது. என்னே, நம் கொள்கை நமக்கு முன்னமே இங்கு வந்து சேர்ந்துவிட்டதே என்றெண்ணி, சங்கொலியென முழங்கினான்:

"தோழர்களே, இக்கதிரையே அடிமைத்தனத்தின் ஆணிவேர். இனி இதில் எவரும் அமரார்!"

மீன்வரத்தின்றிக் கூடை காய்ந்துபோன மீன்காரி அன்னப்பூரணி யன்னலால் எட்டிப் பார்த்தாள்.

"நல்ல கதைதான் மனே. பின்னால இரிக்கிறவங்களுக்கு ஒண்டும் கேக்கல்ல. கொஞ்சம் ஏறி நிண்டு சொல்லன்."

"எதுல ஏறுற?"

"அந்தா, சும்மாதானே கிடக்கு. நீதான் அதை மதிக்கிறல்லயே."

மதிப்பதாவது! மிதிப்பேன் என்று, மலைமுகட்டில் பாயும் மடங்கல்போல் இரு காலும் ஊன்றிக் கதிரைமேல் ஏறி, கைகளை விரித்து, தலைவரென்பார் ஒருவரும் வேண்டாமென்று அவன் கர்ச்சிக்க, இடியும் நாணும் கரவொலி எழுந்தது. பிறந்தநாள் முதல் தன்னை ஏற்றறியாத வெகுசனம் ஒரு நொடியில் ஏற்றதென்று வீரன் கண் பனித்தான். கோணாமலை ஓடிவந்து கட்டித் தழுவினார்.

"நீங்க நூறு வருசம் இரிக்கோணும் தம்பி. மறுகா நான் வாறன்," என்று புறப்பட்டவர் திரும்பிப் பார்க்கவேயில்லை.

புதுத் தலைவர் பெயர் அன்று மாலையே முகாமுக்குப் போக, விடியுமுன் தோணிகள் இறங்கின. அன்னப்பூரணியின் கூடையில் மீன் துள்ளியது.

காலையில் தலைவர் அருமைநாயகம் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போனார்.