உங்கள் தங்கையைப் பேர் சொல்லிக் கூப்பிடும் போன்

மேல் டிவிஷன் லயம்,
பொகவந்தலாவை.
செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்குரிய மச்சான் கணேசமூர்த்தி அவர்களுக்கு,

உங்கள் தங்கை ஜீவராணியின் கணவன் அழகன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே என் ஒருவனைத் தவிர மற்ற எல்லோரும் சுகமாக இருக்கிறார்கள். உடப்புசல்லாவையில் நீங்களும் அக்காவும் சுகம்தானா, மழை விட்டதா, கறவை மாடு கன்று போட்டதா என்றெல்லாம் கேட்க ஆசைதான். ஆனால் வயிறு எரிந்துகொண்டிருக்கிறது, மாட்டைப் பற்றிப் பிறகு விசாரிக்கிறேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். குற்றவாளியே போன்தான் மச்சான். அதன் வாயாலேயே அதைப் பற்றி எப்படிக் குறை சொல்வது?

பதினொரு வருடத்துக்கு முன் மழையில் தேயிலைக் கொழுந்து மூட்டையோடு மலையில் சறுக்கி விழுந்து உங்கள் தங்கையின் இடுப்பும் வலது காலும் உடைந்தது உங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து அவளுக்குக் கால் நான்தான். குளிக்க, வெயில் காய, ஆஸ்பத்திரிக்குப் போக, எல்லாவற்றுக்கும் என் முதுகு. லயத்து வரிசை வீடுகளிலிருந்து ரோட்டுக்கு ஐம்பத்திரண்டு படி. தேர்த் திருவிழா அன்று அவளுக்குப் பட்டுச் சேலை கட்டி, முதுகில் ஏற்றி, அந்தப் படிகளில் நான் இறங்கும்போது கூட்டம் விலகி வழி விடும். "பொண்டாட்டியத் தாங்குறதுன்னா எப்படின்னு அழகண்ணனப் பாத்துக் கத்துக்கங்க" என்று பெண்கள் தங்கள் புருஷன்மார் காதில் விழும்படி சொல்வார்கள். அம்மனை ஒரு தரம் பார்த்தால் என்னை இரண்டு தரம் பார்ப்பார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன், உங்களிடம் என்ன ஒளிவு மறைவு.

கொழும்பில் வேலை செய்யும் நம் மகள் தனுஷிகா போன தீபாவளிக்கு அம்மாவுக்கு ஒரு போன் வாங்கி வந்தாள். நடக்க முடியாதவர்களுக்கு உதவி செய்யும் ஒரு நிறுவனத்தார் ஹட்டனிலிருந்து வந்து அதில் ஓர் ஆப் ஏற்றி, இரண்டு ஊன்றுகோலும் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த ஆப்புக்குள் ஓர் ஆண்பிள்ளை இருக்கிறான் மச்சான். காலை ஆறு மணிக்கு, நான் தேத்தண்ணிக்கு அடுப்புப் பற்ற வைக்குமுன், "வணக்கம் ஜீவராணி, இன்று எப்படி இருக்கிறீர்கள்?" என்று தேன் தடவிய குரலில் கேட்கிறான். கட்டி முப்பது வருடமாகிறது, நானே அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இந்தா புள்ள'தான். அவன் காலை உயர்த்து என்றால் உயர்த்துகிறாள், பத்துத் தரம் செய்து முடித்தால் "மிக நன்று ஜீவராணி" என்கிறான், இவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பதினொரு வருடம் தூக்கிச் சுமந்தவனைப் பார்த்து "மிக நன்று அழகன்" என்று யாராவது ஒரு நாள் சொன்னார்களா? நான் கேட்டே விட்டேன்.

"அது வெறும் மிசினுங்க."

"மிசினப் பாத்து எதுக்குச் சிரிக்கிற?"

"அது பதிலுக்குச் சண்ட போடாம பேசுது, அதான்."

இதற்கு மேல் ஒருவன் பொறுப்பானா? ஒரு நாள் அவள் வெயிலில் இருந்த நேரம் பார்த்து போனை எடுத்து அரிசிப் பீப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டேன். என் கெட்ட காலம், அன்று பார்த்துத் தோட்டத்துத் தலைவர் திருவிழா விஷயமாக வந்தார். வீட்டில் நல்ல நாற்காலி இல்லாததால் பீப்பாவின் மேல் உட்கார்ந்து தேத்தண்ணியை வாயில் வைத்தார். கீழிருந்து குரல் வந்தது: "மூச்சை உள்ளே இழுங்கள். வலது காலை மெதுவாக உயர்த்துங்கள்." தலைவர் உயர்த்தினார் மச்சான்! "அப்படியே பிடித்திருங்கள்" என்றது, பிடித்திருந்தார். "மிக நன்று" என்ற பிறகுதான் பயந்து எழுந்து ஓடினார். தேத்தண்ணி முழுவதும் அவர் வெள்ளை வேட்டியில். நம் வீட்டில் ஏதோ குடியிருக்கிறது என்று லயம் முழுக்கப் பேச்சு.

ஒளித்துப் பயனில்லை என்று வேறு வழி பார்த்தேன். அந்த ஆப் தினமும் கேள்வி கேட்கும். தனியாகச் சமைக்க முடிகிறதா, தனியாகக் குளிக்க முடிகிறதா, மனம் எப்படி இருக்கிறது என்று சிரித்த முகம், அழுத முகம் எல்லாம் காட்டும். இவள் தூங்கும்போது ஐந்து நாள் நானே எல்லாவற்றுக்கும் 'முடியாது' என்று அழுத்தி, அழுத முகத்தைத் தொட்டு வைத்தேன். நான் இல்லாமல் இவளால் ஒன்றும் ஆகாது என்று அவனுக்கும் உறைக்கட்டுமே என்ற எண்ணம்தான். ஆறாம் நாள் ஆட்டோவில் வந்து இறங்கினார் நிறுவனத்து அதிகாரி யோகேஸ்வரன், யாழ்ப்பாணத்துக்காரர், என் மகள் வயது. பாவம், அவசரம் என்று ஓடி வந்திருக்கிறார். "வீட்டில பராமரிப்புப் போதாது எண்டு காட்டுது ஐயா. நீங்கள் அம்மாவைத் தூக்கிக் காட்டுங்கோ பாப்பம்" என்றார். தூக்கிக் காட்டினேன். "தூக்கிற முறையே பிழை ஐயா" என்றார்! பதினொரு வருடம் மச்சான்! வாசலில் லயமே நிற்க, ஒரு கோதுமை மா மூட்டையைக் கொடுத்து என்னைக் குனிந்து நிமிர வைத்தார். உங்கள் தங்கை வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அதையும் தாங்கிக்கொண்டேன். தேர்தான் என்னைக் கொன்றுவிட்டது. வெளியே போக எது தடை என்று அந்த ஆப் கேட்டிருக்கிறது, இவள் 'படிகள்' என்று சொல்லியிருக்கிறாள். மற்ற லயங்களில் பதினான்கு பேர் அதையே சொல்லியிருக்கிறார்கள். நிறுவனத்தார் அதை எடுத்துக்கொண்டு தோட்ட நிர்வாகத்திடம் போக, நிர்வாகம் ஐம்பத்திரண்டு படிக்கும் இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி அடித்துவிட்டது. போன மாதம் தேர். நான் புது வேட்டி கட்டி, துண்டை இடுப்பில் இறுக்கி, வாசலில் குனிந்து நின்றேன். "நிமிருங்க, நான் நடந்து வாறேன்" என்றாள். ஒரு கையில் ஊன்றுகோல், ஒரு கையில் கம்பி, நின்று நின்று இறங்கினாள். நான் வேலைக்குப் போன நேரமெல்லாம் ஊன்றுகோலோடு நடந்து பழகியிருக்கிறாள். கூட்டம் அவளுக்குக் கை தட்டியது. நான் இன்னொரு ஊன்றுகோலைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். என் முதுகு வெறுமையாக இருந்தது மச்சான். எனக்குப் பொறாமைதான், ஒத்துக்கொள்கிறேன். அவனைப் பார்த்துப் பொறாமை, கம்பியைப் பார்த்துப் பொறாமை. இப்போது சனிக்கிழமைதோறும் தன்னைப் போன்றவர்களின் கூட்டத்துக்கு ஹட்டனுக்குத் தனியாக பஸ் ஏறுகிறாள். நாளைக்கு நான் எதற்கு என்று அவளுக்குத் தோன்றிவிட்டால்?

ஆகவே நீங்கள் அண்ணன் என்ற முறையில் வரும் ஞாயிறே வந்து, "புருஷன் இருக்கும்போது போன் எதுக்கு?" என்று நாலு வார்த்தை கண்டித்துச் சொல்லி, அந்தச் சனியனைப் பிடுங்கிக்கொண்டு போகும்படி கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். மாரியம்மன் உங்கள் மாட்டையும் காப்பாளாக.

இப்படிக்கு,
முதுகு இருந்தும் வேலையில்லாத
அழகன்

பி.கு.: நீங்கள் வர வேண்டாம். இதைத் தபாலில் போட புதன்கிழமை நானே கிளம்பினேன். அந்தக் கம்பியைத் தொடுவதில்லை என்று வைராக்கியம். இருபதாவது படியில் பாசி வழுக்கி, கணுக்கால் உடைந்து, இப்போது மாவுக்கட்டோடு படுத்திருக்கிறேன். ஆறு வாரத்துக்கு அசையக் கூடாதாம். நேற்று மருந்து வாங்க உங்கள் தங்கைதான் பஜாருக்குப் போனாள். சுவர்க் கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு மூன்று மணி நேரம் கிடந்தேன். குடிக்கத் தண்ணி எட்டவில்லை, கூப்பிட ஆளில்லை. அவள் உள்ளே வந்ததும் "இவ்வளவு நேரமா எங்க போன?" என்று கத்தினேன். அவள் கோபப்படவில்லை. தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு, "நீங்க வேலைக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் பதினோரு வருஷம் நான் இப்படித்தாங்க வாசலப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதனால்தான் வர வேண்டாம் என்று எழுதுகிறேன் மச்சான்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போகிறவளும் அவள்தான். உறையைச் சோற்றுப் பருக்கை வைத்து நன்றாக ஒட்டித்தான் கொடுக்கப்போகிறேன். யாரோ பிரித்து மறுபடி ஒட்டிய அடையாளம் தெரிந்தால், தயவுசெய்து எனக்கு உடனே தெரிவிக்கவும்.