பத்தாம், பதினோராம் நட்டுகள்

துருவேறிக் கறள் பிடித்த நட்டு ஒன்றைக் கண்டால் நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன். எங்கள் கிணற்றுக் கப்பி இரண்டு வருடமாகக் கிறீச்சிடுகிறது. கேற்றின் கீழ்ப் பிணைச்சல் இறுகிவிட்டதால் கேற் பாதிதான் திறக்கும். வருகிறவர்கள் பக்கவாட்டில் நுழைகிறார்கள். எண்ணெய்ப் போத்திலை நான் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். அந்தச் சட்டம் பிறந்த கதை என் டயறியில் ஒன்பது பக்கம் இருக்கிறது. சுருக்கித் தருகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. துறைமுகப் பக்கத்துப் பட்டறை ஒன்றின் களஞ்சியத்தில் கிளாக்கர் வேலை. நட்டு, போல்ட் எல்லாம் மனப்பாடம்: எந்த அளவு, எந்தத் தட்டு, எத்தனை மிச்சம். அவற்றில் ஒன்றையாவது சாவி போட்டுத் திருப்பியிருக்கிறாயா என்று எவரும் கேட்டதில்லை.

கேட்டவர் சிற்றம்பலம் ஐயா. திருகோணமலைக்கும் மூதூருக்கும் இடையில் கடல்வழியே ஆட்களை ஏற்றி இறக்கும் லோஞ்ச் ஒன்றின் சொந்தக்காரர். அவருடைய மகள் ராசமலரை எனக்குப் பேசியிருந்தார்கள். கோயிலில் அவளை இரண்டு முறை கண்டிருந்தேன். (முதல் முறை ஏழு நிமிடம், அடுத்த முறை நாலு.) மூன்றாம் முறை காணக் கிடைக்காவிட்டால் உத்தியோகத்தை விட்டுக் கதிர்காமத்துக்கு யாத்திரை நடப்பது என்று முடிவு செய்திருந்தேன்.

பாலையூற்றில் அவர் வீட்டு விறாந்தையில், கதிரை நுனியில் இருந்த என்னை ஐயா மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, எனக்கு ஆம்பிளைப் பிள்ளை இல்லை. நாளைக்கு லோஞ்சைப் பாக்க ஒரு ஆள் வேணும். பேனை பிடிக்கிற கை சாவி பிடிக்குமோ?"

"ஓம் ஐயா. நட்டோடைதான் என்ரை சீவியம்."

(பொய் இல்லை. எண்ணுவதும் சீவியம்தானே.)

"அப்ப வந்து பாரும். எஞ்சின்ரை தண்ணிப் பம்பிலை ஒரு நட்டு கறள் பிடிச்சு நிக்குது. அதைக் கழட்டிக் காட்டும். மிச்சத்தைப் பேந்து கதைப்பம்."

லோஞ்சை ஓட்டியவர் கிண்ணியாவைச் சேர்ந்த மஜீது காக்கா. நான் போனபோது உளியும் சுத்தியலுமாக நின்றார். "ரெண்டு அடி, தம்பி. வேல முடிஞ்சி."

நான் தடுத்தேன். கறளைப் பலத்தால் வெல்ல முடியாது என்று எங்கோ படித்திருந்தேன். கம்பித் தூரிகையால் சுரண்டி, மெல்லிய எண்ணெய் விட்டு, சிறு சுத்தியலால் தட்டிக் காத்திருக்க வேண்டும். திருகுப் புரிக்குள் எண்ணெய் தானாக ஊறிப் போகும்.

"மூண்டு நாள் தாங்கோ."

"மூணு நாளா? நட்டுக்கு என்ன காய்ச்சலா தம்பி, வேளைக்கு வேளை மருந்து குடுக்க?"

களஞ்சியத்தில் இதற்கென்றே வெளிநாட்டு எண்ணெய் தகரத்தில் இருந்தது. அது அரசாங்கச் சொத்து. ஆகவே நானே கலந்தேன்: மண்ணெண்ணெய் மூன்று பங்கு, அக்காவின் தையல் மெஷின் எண்ணெய் ஒரு பங்கு. போத்திலில் பெயரும் திகதியும் எழுதி ஒட்டினேன். காலை ஆறரை, மாலை ஐந்தே கால் என இரு வேளை விட்டேன்.

இரண்டாம் நாள் மாலை நட்டு அசைந்தது. பிறகு வெண்ணெயில் வைத்ததுபோலச் சுழன்று கையில் வந்தது. மஜீது காக்கா உளியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் பம்பைத் திருத்தத் தொடங்கினார்.

அத்தோடு நான் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. எஞ்சின் இருந்த பள்ளத்துக்குள் கறள் பிடித்த நட்டுகள் இன்னும் பத்து இருந்தன. ஒன்றைக் கவனித்துவிட்டு மற்றவற்றைக் கைவிடுவது ஒழுங்கான மனிதன் செய்யும் வேலையா? எல்லாவற்றுக்கும் சோக்கட்டியால் நம்பர் போட்டேன். மூன்றாம் நாள் காக்கா ஜும்மாத் தொழுகைக்குப் போயிருந்த வேளையில் ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, திரும்பப் பூட்டினேன். பத்தாம், பதினோராம் நட்டுகள் பின்னால், பலகைக்கு அடியில், லோஞ்சைத் தள்ளும் காற்றாடியின் தண்டு அதை விட்டுக் கடலுக்குள் போகும் இடத்தில் இருந்தன. அவை இரண்டும் பூட்டும்போது எவ்வளவு திருப்பியும் நிற்கவில்லை, சுழன்றுகொண்டே இருந்தன. அன்றைய டயறியில் எழுதியிருக்கிறேன்: "10, 11: மிக இலகுவாகச் சுழல்கின்றன. எண்ணெயின் மகிமை."

அடுத்த நாள் காலை வெள்ளோட்டம். ஐயா தன் அக்காவையும் அழைத்து வந்தார். எல்லோருக்கும் அவர் பெரியமாமி. அவர் தலையாட்டினால்தான் அந்தக் குடும்பத்தில் கலியாணம் நடக்கும். நான் கரை போட்ட புது வேட்டியோடு நின்றேன்.

எஞ்சின் சூடேறாமல் அழகாக ஓடியது. "பேனைக்காரன் பரவாயில்லை," என்றார் ஐயா. நான் அடக்கமாகக் கடலைப் பார்த்தேன். அப்போது பெரியமாமியின் இடது காற் செருப்பு என்னைக் கடந்து மிதந்து போனது.

மஜீது காக்கா பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு எஞ்சினை நிறுத்தினார். தண்டைச் சுற்றித் தண்ணீர் குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது.

"தம்பி, இந்த ரெண்டு நட்டயும் தொட்டீங்களா?"

நான் டயறியைத் திறந்தேன். "ஓம் காக்கா. பத்து, பதினொண்டு. நல்லாக் கழண்டது."

"கழண்டிருக்கும். புரி தேஞ்சி ரெண்டு வருஷம். கறள்தான் அத புடிச்சிக்கிட்டு இருந்திச்சி."

ஐயா அவரைப் பார்த்தார். "ரெண்டு வருசமோ? எனக்குச் சொல்லேல்லை."

"இப்ப சொல்றன் முதலாளி. தடிச்ச துணி வேணும், சுருக்கா."

எல்லோரும் என் வேட்டியைப் பார்த்தார்கள்.

உள்ளே அரைக்காற்சட்டை இருந்தது. அதைப் பற்றி டயறியில் ஒரு வரிதான்: "நீலம். தையல் விட்டது." காக்கா வேட்டியை முறுக்கித் தண்டைச் சுற்றி அடைத்தார். நான் இடுப்பளவு தண்ணீரில் குந்தி, இரண்டு கைகளாலும் அதை அமத்திப் பிடித்தேன். ஐயாவும் காக்காவும் வாளியால் அள்ளி ஊற்றினார்கள். தூரத்தில் போன மீன்பிடி வள்ளம் ஒன்று வந்து எங்களைக் கட்டி இழுத்தது.

பெரியமாமி வாங்குப் பலகைமேல் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"சரி தம்பி, நேரம் கிடக்கு. உடன்பிறந்தது எத்தினை பேர்?"

"மூண்டு பேர் மாமி."

"விரலைக் காட்ட வேண்டாம். கையை எடுக்காமல் சொல்லும். குடி, வெறி?"

"இல்லை மாமி."

"கோவம் வருமோ?"

"இப்ப வராது மாமி."

ஒரு மணித்தியாலமும் ஐந்து நிமிடமும் இப்படிப் போனது. துறையில், தாயோடு தேத்தண்ணிப் போத்திலும் கையுமாக ராசமலர் நின்றாள். மூன்றாம் முறை கண்டேன். நிமிடக் கணக்குக் குறிக்கவில்லை. என்னைக் கண்டதும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் மறுபக்கம் திரும்பியது மட்டும் தெரியும். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து நான் கதிர்காமத்துக்கு ஆயத்தமானேன்.

பெரியமாமி ஒற்றைச் செருப்போடு இறங்கினார். "சிற்றம்பலம், இந்தப் பெடியனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனா நான் இவ்வளவு கேள்வி கேட்டும் பிடிச்ச பிடியை விடேல்லை. குடு பெட்டையை. எண்ணெய்ப் போத்திலை மட்டும் குடாதை."

ஆவணியில் கலியாணம். எங்கள் பக்கத்துத் தாலிக்கொடிக்கு முடிச்சுப் போடுவதில்லை; பின்கழுத்தில் சின்னப் பொன் சுரை ஒன்று, அதைத் திருகிப் பூட்ட வேண்டும். மேளம் கொட்ட, நான் குனிந்து திருகத் தொடங்கினேன்.

"இறுக்கும், வடிவா இறுக்கும்," என்றார் பெரியமாமி, மேளத்தையும் மீறி.

முன் வரிசையில் இருந்து மஜீது காக்கா கேட்டார்: "தம்பி, இது எத்தனாம் நம்பர்?"

சபை முழுக்கச் சிரித்தது. ராசமலரின் தோள்கள் மறுபடி குலுங்கின. இந்த முறை அது சிரிப்பு என்று அருகில் இருந்து உறுதி செய்துகொண்டேன். முதல் முறையும் அதுதானாம்.

அன்றிலிருந்து அந்தச் சுரைக்கு எங்கள் வீட்டில் பெயர் பன்னிரண்டு. இன்றைக்கும் வெள்ளிக்கிழமைகளில் ராசமலர் எண்ணெய் வைத்து முழுகும்போது அதை மட்டும் ஒரு கையால் உயர்த்திப் பிடித்துக்கொள்வாள். முழுகி முடிந்ததும், பிள்ளைகள் கேட்கக் கிணற்றடியில் இருந்து குரல் வரும்:

"இஞ்சருங்கோ, டயறியிலை எழுதுங்கோ. பன்னிரண்டு இன்னும் கழரேல்லை."

எழுதிவிடுவேன். கப்பி கிறீச்சிடும் சத்தத்தில் சில நாள் அவள் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருக்கும்.