ஆண்டு அனுபவித்த கதை

இந்த வீட்டுக்கு நான்தான் ராஜா என்று முடிவு செய்து ஐந்து வருடம் ஆகிறது. முடிவு செய்த இடம், பத்திர எழுத்தரின் மேசை.

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ராகம் போட்டு வாசித்தார். “மேற்படி வீட்டைத் தாங்கள் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.”

ஆண்டு! வாடகை வீட்டில் ஒரு ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்டு நின்றவனை ஆளச் சொல்கிறார்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த என் மனைவி காதோடு சொன்னாள்.

“ரொம்ப நிமிராதீங்க. இது குத்தகை வீடு. கட்டடம்தான் நமக்கு, மண்ணு நிலச் சொந்தக்காரருக்கு. தொண்ணூத்தொம்பதுல முப்பத்துமூணு போயாச்சு. மிச்சம் அறுபத்தாறு ஆண்டு அனுபவிச்சிட்டு, சாவியைக் குடுத்துட்டுப் போகணும்னு போட்டிருக்கு.”

“ஆண்டுன்னா ஆளுறது இல்லையா?”

“இந்த வீட்டுல இல்ல.”

அவள் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். மருந்துச் சீட்டைக் கொடுத்தாலும் சிவப்புப் பேனாவோடுதான் படிப்பாள். நான் காப்பீட்டு அலுவலகத்தில் இருக்கிறேன். “இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒரு கையெழுத்து” என்று நாள் முழுக்க ஊருக்குச் சொல்கிறவன் எதையும் படிக்க மாட்டான். பத்திரம் நாற்பத்திரண்டு பக்கம். அவள் நாற்பத்திரண்டையும் படித்தாள். நான் நாற்பத்திரண்டிலும் கையெழுத்துப் போட்டேன்.

ஆளுகிறவன் என்பதற்கு ஓர் அடையாளம் வேண்டாமா? குடிவந்த முதல் மாதமே கொத்தனாரைக் கூப்பிட்டு, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுச்சுவரில் ஒரு ஜன்னல் வைக்கச் சொன்னேன். தட்டை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் நீட்டலாம். இதுவரை நீட்டியது நான்தான். அது வேறு விஷயம்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, எதிர்வீட்டுப் பல் டாக்டர் தன் குத்தகையை நீட்டிக்கொள்ளும் வரை. அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் பல்லழகர். மனைவியிடம் சொன்னதில்லை.

“என்னங்க, டாக்டருக்கு நீட்டிப்பு கிடைச்சிருச்சு. மறுபடியும் முழுசா தொண்ணூத்தொம்பது!”

“நமக்கு எவ்வளவு?”

“அறுபத்தொண்ணு.”

அறுபத்தொன்று முடியும்போது எனக்கு வயது நூற்றாறு. அப்போது யார் வந்து கதவைத் தட்டினால் எனக்கென்ன? ஆனால் வயிறு கணக்குப் பார்த்து எரிவதில்லை. எதிர்க்கதவைத் திறந்தால் தொண்ணூற்றொன்பது. என் கதவைத் திறந்தால் அறுபத்தொன்று. நடுவில் மூன்றாம் மாடியின் நாலடி நடைபாதை.

அந்த நடைபாதையில்தான் அவர்கள் இருவரும் நின்று பேசுவார்கள்.

“இருபத்திமூணாவது ஷரத்தைப் பாத்தீங்களா மேடம்?”

“பாத்தேன் டாக்டர். என்ன அழகா எழுதியிருக்காங்க!”

கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் என்னைப் பார்த்து அந்த வார்த்தையை அவள் சொன்னதில்லை. ஒரு ஷரத்துக்குச் சொல்கிறாள்.

“என்ன அவர்கிட்ட அவ்வளவு பேச்சு?” என்றேன் உள்ளே வந்ததும்.

“பத்திரம்.”

“பத்திரமா இருந்தா சரி.”

“அவர் ஒவ்வொரு வரியும் படிச்சிருக்காருங்க. அறுபதுக்குக் கீழ போயிட்டா வங்கியில கடன் தர மாட்டாங்களாம், விக்கவும் முடியாதாம். அடுத்த வருஷத்துக்குள்ள நாமளும் நீட்டியாகணும். மனு எழுதிட்டேன், இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க.”

போட்டேன். ஆனால் என் காதில் விழுந்தது ‘அவர் ஒவ்வொரு வரியும் படிச்சிருக்காருங்க’ மட்டும்தான்.

சனிக்கிழமை மதியம் அவள் அச்சகத்துக்குப் போயிருந்தாள். பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுத்தேன். என்னாலும் படிக்க முடியும் என்று எனக்கே காட்டத்தான் எடுத்தேன். கண் பதினேழாவது ஷரத்தில் விழுந்தது. ‘எழுத்துமூல அனுமதியின்றிச் சுவரை இடிப்பதோ, பால்கனியை அடைப்பதோ கூடாது. மீறினால் நீட்டிப்பு செல்லாது.’

பல்லழகர் போன மாதம்தான் பால்கனிக்குக் கண்ணாடி போட்டிருந்தார்!

பத்திரத்தை அந்த வரியோடு மூடினேன். நான் படித்த ஒரே வரி அதுதான், அதிலும் பாதி. ‘சுவரை இடிப்பதோ’ என் மண்டையில் ஏறவே இல்லை. பொறாமைக்காரன் தனக்கு வேண்டியதை மட்டும்தான் படிப்பான்.

நிலச் சொந்தக்காரருக்கு இடது கையால் ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். ‘ஐயா, மூன்றாம் மாடிப் பல் டாக்டர் பால்கனிச் சுவற்றில் கண்ணாடி பொருத்தி ஷரத்தை மீறியுள்ளார். அவருடைய நீட்டிப்பை உடனே ரத்து செய்க. இப்படிக்கு, நியாய விரும்பி.’ தபால் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பும்போது மூன்று மாடியும் மூச்சு வாங்காமல் ஏறினேன்.

அடுத்த சனிக்கிழமை நிலச் சொந்தக்காரரின் மேற்பார்வையாளர் அளவு நாடாவோடு வந்தார். கதவிடுக்கில் நின்று பார்த்தேன். பல்லழகர் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்து, ஒரு காகிதத்தை நீட்டினார். அனுமதிக் கடிதம்.

“மனுவை மேடம்தான் திருத்திக் குடுத்தாங்க” என்றார். “ஒரு பிழை கிடையாது.”

கதவிடுக்கில் என் விரல் நசுங்கியது. நானேதான் நசுக்கிக்கொண்டேன்.

மேற்பார்வையாளர் திரும்பினார். “எதிர்வீட்டையும் பாத்துடறேன். உங்க நீட்டிப்பு மனுவும் மேசையில இருக்கு.”

உள்ளே வந்தார். கூடத்தில் நின்றார். என் ராஜ முத்திரையான ஜன்னலைப் பார்த்தார். அந்தப் பக்கம் கையை விட்டு இந்தப் பக்கம் எடுத்தார்.

“இது மூல வரைபடத்துல இல்லையே. யார் இடிச்சது?”

அப்போதுதான் பதினேழாவது ஷரத்தின் முன்பாதி ஞாபகம் வந்தது. பல்லழகருக்குக் குழி வெட்டப் போய், என் வீட்டையே உள்ளே தள்ளிவிட்டேனே! அறுபத்தொன்று அறுபதாகும், ஐம்பதாகும். விற்கவும் முடியாது, நீட்டவும் முடியாது. இவளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

“சார், ஒரு நிமிஷம் இப்படி வாங்க” என்று சமையலறையிலிருந்து வந்த மனைவி அவரை உள்ளறைக்கு அழைத்துப் போனாள். இரண்டே நிமிடம். வெளியே வந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் படியிறங்கினார்.

“என்ன ஆச்சு?”

“என்ன ஆகணும்? வீடு உங்க பேர்ல இருக்கிற வரைக்கும் எனக்குப் பயமாத்தான் இருக்கு.”

“நான் இடிச்சதால வந்த வினையா?”

“நீங்க செஞ்சதால வந்ததுதான். என் பேருக்கு மாத்திட்டா நிம்மதியா இருப்பேன்.”

கோப்பைத் திறந்தாள். பெயர் மாற்றப் படிவம் தயாராக இருந்தது. கையெழுத்துப் போடவேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறிகூட இருந்தது. எப்போது தயார் செய்தாள் என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. வீடு தப்பினால் போதும். நாலு இடத்தில் போட்டேன். ஐந்தாவது இருக்கிறதா என்றும் கேட்டேன்.

இரண்டு மாதம் கழித்துப் புதுப் பத்திரம் வந்தது. தொண்ணூற்றொன்பது! எதிர்க்கதவுக்கும் என் கதவுக்கும் இனி வித்தியாசம் இல்லை. நெஞ்சு குளிர்ந்தது.

“இதையாவது படிச்சுப் பாருங்க” என்றாள்.

படித்தேன். முதல் பக்கத்தில் குத்தகைதாரர் என்று அவள் பெயர். நாலாம் பக்கத்தில், ‘உடன் குடியிருப்பவர்: ஒருவர்.’ அந்த ஒருவர் நான். பெயர்கூடப் போடவில்லை. கடைசியில் பழுப்பேறிய ஒரு காகிதம் இணைக்கப்பட்டிருந்தது. சமையலறைச் சுவரில் ஜன்னல் வைக்க அனுமதி. தேதி, ஐந்து வருடத்துக்கு முந்தியது. மனுதாரர் இடத்தில் என் கையெழுத்து.

“அனுமதி இருந்திருக்கே!”

“கொத்தனார் வர்றதுக்கு முன்னாடியே வாங்கிட்டேன். மனுவுல நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க.”

“மேற்பார்வையாளர்கிட்ட இதைக் காட்டினியா?”

“காட்டினேன். சரியா இருக்குன்னுட்டார்.”

“அப்புறம் எதுக்கு என் பேரை எடுத்தே? பயமா இருக்குன்னு சொன்னியே!”

“பயம்தான். ஜன்னலைப் பார்த்து இல்ல. இதைப் பார்த்து.”

என் மொட்டைக் கடிதம்! ‘சுவற்றில்’ என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். பக்கத்தில் குண்டு எழுத்தில் ‘சுவரில்’.

“இங்க வர்றதுக்கு முன்னாடியே, நம்ம மனு விஷயமா ஆபீசுக்குப் போனப்ப மேற்பார்வையாளர் குடுத்துட்டார். கல்யாணத்துக்கு முன்னாடி எழுதின முதல் கடுதாசியிலேயே ‘சுவற்றில் சாய்ந்து உன்னை நினைத்தேன்’னு எழுதினவர் நீங்க. பதினேழு வருஷமா திருத்தறேன்.”

எழுத்தை மறைத்தேன். எழுத்துப் பிழையை மறைக்கத் தெரியவில்லை.

“டாக்டருக்குத் தெரியுமா?”

“எழுத்தைப் பாத்துட்டு ரொம்ப வருத்தப்பட்டார். சாருக்கு வலது கையில ஏதாவது அடியா, நல்ல டாக்டர் சொல்லட்டுமான்னு கேட்டார். எவ்வளவு நல்ல மனுஷன்!”

வயிறு மறுபடியும் பற்றிக்கொண்டது. பேச்சை மாற்றுவதற்காக முதல் பக்கத்தைப் புரட்டினேன். பழைய ராகம் அங்கே அப்படியே இருந்தது.

“இதுலயும் ‘ஆண்டு அனுபவித்து’ன்னுதானே போட்டிருக்கு?” என்றேன், கொஞ்சம் தைரியமாக.

அவள் சிவப்புப் பேனாவை மூடினாள்.

“ஆமா. அதுல பிழையே இல்ல. ஆளுறது நான், அனுபவிக்கிறது நீங்க.”